இரண்டு விரல் அகல உப்பு

மொய்நாக்
4 மார்ச் 1999

சார்பினாஸ்,

ஏசன் அண்ணன் பஸ்ஸுல ஒரு மூட்டை அனுப்பியிருக்கேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருக்கேன். அப்பாவோட போர்வையில சுத்தியிருக்கு. உள்ள இருக்கிறது நம்ம வீட்டுப் படம்தான். லுகோவ் வரைஞ்ச பாலைவனப் படம், டிவிக்கு மேல மாட்டியிருந்ததே, அது. பாத்துட்டு போர்வையத் திருப்பி அனுப்பு.

இங்க கடல் வத்திப் போய் மணல்ல நிக்கிற கப்பலைப் பாக்க வர்ற வெளிநாட்டுக்காரங்கள்ல ஒரு ஜெர்மன்காரர், உவேன்னு பேரு. போன இலையுதிர் காலத்துல நம்ம வீட்டுல டீ குடிக்க வந்தார். டீயைக் குடிக்காம படத்தையே பாத்துக்கிட்டிருந்தார். அறுநூறு டாலர் தர்றேன்னார். மொழிபெயர்க்க வந்த பொண்ணு தப்பாச் சொல்றான்னு நெனச்சு அவளை ரெண்டு தடவ கேட்டேன். அறுநூறுதான். மே கடைசியில திரும்ப வர்றார். ஆனா மியூசியம் முத்திரை போட்ட ஒரு காகிதம் வேணுமாம். இது இன்ன படம், இன்ன விலை பெறும், நாட்டை விட்டு எடுத்துக்கிட்டுப் போகலாம்னு. அது இல்லேன்னா விமான நிலையத்துல பிடுங்கி வச்சுக்குவாங்களாம்.

நீ அந்த மியூசியத்துலதானே வேலை பாக்குற.

பெர்திமுராத் வேலைக்குப் போன அக்தாவுல எட்டு ஆம்பிளைங்களோட ஒரே அறையில படுத்துக் கெடக்கார். என்னையும் பிள்ளையையும் அங்க விடமாட்டாங்க. அறுநூறு இருந்தா தனியா ரெண்டு அறை எடுக்கலாம், ரயில் செலவுக்கும் ஆகும். ஐசானெமுக்கு ஏழு வயசாச்சு. காத்து அடிச்சா அவ நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துது. டாக்டரம்மா மருந்து எழுதல. "கோடைக்கு முன்னாடி இந்தக் கடல் தரையை விட்டு இவளைக் கூட்டிட்டுப் போ, அதுதான் மருந்து"ன்னா.

படத்துல உப்பு பூத்திருக்கு. கண்ணாடிக்குள்ளயும் புகுந்திருக்கு. காத்தோட வர்ற கடல் உப்பு நம்ம ஊர்ல எதுக்குள்ளதான் புகல. சுத்தமாத் துடைச்சுக் குடு. அழுக்குச் சாமானுக்கு யார் அறுநூறு தருவா.

கடுதாசியே எழுது. தந்தி ஆபீஸ் போன் வேண்டாம். வரிசையில நிக்கிறவளுங்க எல்லாம் நம்ம பேச்சைக் கேட்டுட்டு எனக்கு யோசனை சொல்றாளுங்க.

உன் அக்கா
உல்போசின்

*

நுகுஸ்
15 மார்ச் 1999

அன்புள்ள அக்கா,

மூட்டை பத்திரமாக வந்தது. போர்வையை ஏசன் அண்ணனிடமே கொடுத்திருக்கிறேன். "உங்க அக்கா மிரட்டின மிரட்டல்ல, என் பொண்டாட்டியைக்கூட நான் இவ்வளவு மெதுவா ஓட்டிக் கூட்டிட்டு வந்ததில்ல" என்றார்.

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாடிப்படியிலேயே நின்று படித்தேன்.

படத்தை என் மேசையில் வைத்திருக்கிறேன். பதினைந்து வருடம் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று இப்போது தெரிகிறது. மேலே பாதித் தாள் வெறும் வானம். ஒரே ஒரு முறை தூரிகையை இழுத்து விட்டுவிட்டிருக்கிறார். நடுவில் கிணறும் இரண்டு சக்சாவுல் புதர்களும். கீழே முழுக்க வெள்ளைத் தரை. காகிதம் பழுப்பேறி, ஓரத்தில் பூச்சி அரித்த தடம் இருக்கிறது. பின்பக்கம் அட்டையில் மாவுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

நீ கேட்ட காகிதத்துக்கு ஒரு வழிமுறை உண்டு. முதலில் படத்தின் நிலையைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். அதை வைத்துத்தான் வயதும் விலையும் முடிவாகும். எங்கள் பிரிவின் தலைவி ரைசா செர்கேயெவ்னா கண் அறுவைச் சிகிச்சைக்காகத் தாஷ்கெண்ட் போயிருக்கிறார். ஜூன் கடைசி வரை அறிக்கை எழுதுவது நான்தான். முத்திரையும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அப்பா இறந்த நாற்பதாம் நாள் சடங்குக்கு நான் ஒரு நாள் பிந்தி வந்தேன். நீ திட்டியிருக்கலாம். என்னைக் கதவுக்கு எதிரே, விருந்தாளிகள் இருக்கும் இடத்தில் உட்கார வைத்தாய். இருக்கச் சொல்பவர்களுக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவோம்; நீ கோப்பையை விளிம்பு வரை நிரப்பி நீட்டினாய். குடித்துவிட்டுக் கிளம்பு என்று நம் வீட்டில் யாருக்கும் அப்படி ஊற்றிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கிளம்பிவிட்டேன்.

ஐசானெமுக்கு என் முத்தங்கள். என்னை நினைவிருக்கிறதா அவளுக்கு?

சார்பினாஸ்

*

மொய்நாக்
27 மார்ச் 1999

சார்பினாஸ்,

படம் எப்படி இருக்குன்னு ஒரு பக்கம் எழுதியிருக்க. அது எனக்குத் தெரியாதா? காகிதம் எப்போ வரும்னு எழுதல.

கோப்பையைப் பத்தி எழுதியிருக்க. சரி, நானும் எழுதுறேன். நாற்பதாம் நாளுக்கு வந்த எழுபது பேரும் "படிச்சவ எங்க, படிச்சவ எங்க"ன்னு கேட்டாங்க. பரீட்சைன்னேன். பரீட்சையா இல்லையான்னு எனக்கே தெரியாது. நீ சொல்லல. உனக்கு முன்னாடி நான் பொறந்தேன், அடுத்தது ஆணாப் பொறக்கட்டும்னு எனக்கு இந்தப் பேரை வச்சாங்க. அடுத்து நீ பொறந்த. அப்பா சிரிச்சுட்டு, "சரி, இதைப் படிக்க வைப்போம்"னார். யார் வச்சதுன்னு நெனக்கிற? எட்டாவது முடிச்சதும் மீன் டப்பா ஃபேக்டரியில நின்னு நான் வச்சேன். என் கையில இன்னும் அந்த வாடை இருக்கு. மீனே இல்லாத ஊர்ல மீன் வாடை அடிக்கிற கை.

நவ்ரூஸ் புது வருஷத்துக்கு வீடு பூரா துடைச்சேன். ஜன்னல், கடிகாரம், ரொட்டிப் பெட்டி. கஞ்சி கிண்டி எறக்குறதுக்குள்ள வடக்குக் காத்து வந்து எல்லாம் மறுபடி வெள்ளை. ஐசானெம் ரெண்டு ராத்திரி உக்காந்துக்கிட்டே தூங்கினா.

உன்னை ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "தாளை மோந்து பாப்பாளே, அந்தச் சித்தியா"ன்னா.

துடைச்சுட்டியா? சீக்கிரம்.

உல்போசின்

*

நுகுஸ்
9 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கண்ணாடியைக் கழற்றினேன். வெள்ளைத் தரையின் மேல் மெல்லிய தூள் போலப் படிந்திருந்தது. நீ சொன்ன உப்பு. பஞ்சைச் சின்னக் குச்சியில் சுற்றி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, இடது கீழ் மூலையில் உருட்டினேன். சுலபமாக வந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று பஞ்சை மாற்றிக்கொண்டே போனேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. நவ்ரூஸுக்கு ஜன்னல் துடைக்கும்போது நீ முனகும் பாட்டைக்கூட முனகினேன்.

பிறகு விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். துடைக்காத தரை மினுங்குகிறது. தலையை அசைத்தால் அந்த மினுக்கம் தள்ளித் தள்ளிப் போகிறது, நண்பகலில் தூரத்தில் தண்ணீர் தெரியுமே, அது போல. துடைத்த இடம் வெறும் காகிதம். செத்துக் கிடக்கிறது. இரண்டு விரல் அகலம்.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். தூசியாக இருந்தால் வண்ணத்தின் மேல் படிந்திருக்க வேண்டும். இது வண்ணத்துக்குள் இருக்கிறது. ஒவ்வொரு உப்பு மணியையும் சுற்றி நீலம் ஓடிக் காய்ந்திருக்கிறது. வண்ணம் ஈரமாக இருந்தபோதே உப்பும் இருந்திருக்கிறது. லுகோவ் உப்புத் தண்ணீரில் வரைந்திருக்கிறார். அந்த வெள்ளைத் தரைக்கு அவர் வண்ணமே தீட்டவில்லை. உப்பையே தரையாகப் பூக்க விட்டிருக்கிறார்.

எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே, எதையும் துடைக்கும் முன் அது என்ன என்று பார் என்பதுதான். வேறு ஊர்க்காரி யாராக இருந்தாலும் "இது என்ன" என்று கேட்டிருப்பாள். நான் மொய்நாக்காரி. வெள்ளையைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது.

உவே பார்த்தது அந்த மினுக்கத்தைத்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருப்பி வைக்க வழியில்லை. உப்புத் தண்ணீர் கலந்து நானே பூசினால் அது அவர் படமாக இருக்காது.

என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பதில் போடு.

சார்பினாஸ்

*

மொய்நாக்
18 ஏப்ரல் 1999

குடுத்து அனுப்பினதைக் கெடுத்துட்ட. நல்லது.

அப்பா இருந்தவரைக்கும் அந்தக் கண்ணாடியத் திறக்கவே விட்டதில்ல. நான் ஒரு தடவ துணியோட கிட்டப் போனேன், கையைத் தட்டி விட்டார். ஏன்னு சொல்லல. அவர் எதுக்குத்தான் ஏன்னு சொன்னார்.

ரெண்டு விரல் அகலம்தானே? சட்டத்தைக் கொஞ்சம் அகலமாப் போடு, மூலை மறைஞ்சிடும். யார்கிட்டயும் சொல்லாத. காகிதத்தை எழுது.

மூணு நாளா காத்து. எதிர்வீடு தெரியல.

உ.

*

நுகுஸ்
3 மே 1999

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த பிறகு பயத்தில் மூன்று நாள் படத்தைத் தொடவில்லை. பிறகு தொட்டேன், பின்பக்கத்தை மட்டும். அந்த மாவுப் பசைதான் பூச்சியை அழைக்கிறது, அட்டையை எடுத்தே ஆக வேண்டும். இந்த முறை ஒரு சொட்டு நீர்கூட இல்லை. எலும்புத் தகட்டை உள்ளே விட்டு, ஒரு நாளைக்கு நகத்தளவு என்று பிரித்தேன். எட்டு நாளாயிற்று.

காகிதத்தின் பின்னால் பென்சிலில் ரஷ்ய மொழியில் எழுதியிருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"கசப்புக் கிணறு. 20 ஏப்ரல் 1949. இரண்டு நாளாக வேறு தண்ணீர் இல்லை. குடிப்பதும் இதைத்தான், தூரிகை நனைப்பதும் இதில்தான். உப்பு பூக்கும். துடைக்க வேண்டாம். தானாகக் காயட்டும். மொய்நாக் சபார்பாய்க்கு, ஒரு குளிர்காலம் இடம் கொடுத்ததற்கு. ஸ். லுகோவ்."

அதன் கீழே நம் அப்பாவின் கை. சம்பளப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவாரே, அதே கோணல் எழுத்து. "துடைக்க மாட்டேன். சபார்பாய்." அவ்வளவுதான். எழுதிவிட்டு அட்டையை வைத்து ஒட்டிவிட்டிருக்கிறார்.

உன் கையைத் தட்டிவிட்டது இதற்குத்தான். நீயாவது தட்டு வாங்கினாய். என் கையைத் தட்ட யாரும் பக்கத்தில் இல்லை.

இப்போது மோசமான விஷயம். ஐம்பது வருடத்துக்கு மேல் பழையதை நாட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது. அந்தத் தேதியின்படி படத்துக்குப் போன மாதம் இருபதாம் தேதி ஐம்பது முடிந்துவிட்டது. பதின்மூன்று நாள், அக்கா.

இதை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நான் இரண்டு காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் தேதி இருக்கிறது, துடைத்ததும் இருக்கிறது. இன்னொன்றில் "ஐம்பதுகளின் நடுப்பகுதியில் வரைந்ததாக இருக்கலாம்" என்று மட்டும் இருக்கிறது. புது அட்டை ஒட்டினால் பின்பக்கம் மறைந்துவிடும். இரண்டும் இழுப்பறையில் முத்திரைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. பகல் முழுக்க அந்த இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி "எலி புகுந்திருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

ஐசானெமின் மூச்சு ஒரு பக்கம், இந்தத் தேதி ஒரு பக்கம். என்னால் முடியவில்லை. எதை அனுப்பட்டும்? நீ சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

சார்பினாஸ்

*

மொய்நாக்
13 மே 1999

சார்பினாஸ்,

உன் கடுதாசியப் பக்கத்து வீட்டு மேசையில வச்சுப் படிச்சேன், எங்க வீட்டு மேசையை வித்தாச்சு. அப்பா எழுதினதைப் படிச்சதும் எழுந்து வெளிய போயிட்டேன். அப்புறம் உள்ள வந்து மிச்சத்தைப் படிச்சேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

நான் சொல்லணுமா?

நீ எந்த ஊர்ல படிக்கணும்னு நான் சொன்னேன். விடுதிக்கு எந்தச் சட்டை எடுத்துட்டுப் போகணும்னு நான் சொன்னேன். வாத்தியாரம்மாகிட்ட பேச வெக்கமா இருக்குன்ன, உனக்காக பஸ் ஏறி வந்து நான் பேசினேன், மீன் வாடையோட. இப்போ பொய் எழுதட்டுமான்னும் நான்தான் சொல்லணும். பொய் எழுதுன்னு சொன்னா, நாளைக்கு "அக்கா சொன்னா"ம்ப. நெசத்தை எழுதுன்னு சொன்னா, பிள்ளைக்கு மூச்சு முட்டுறப்பெல்லாம் நான் சொன்னது எனக்கு ஞாபகம் வரும். நல்லா யோசிச்சுதான் அனுப்பியிருக்க.

உன் பேர் போட்டு உன் முத்திரை குத்துற காகிதம். எனக்கு அதைச் சரியாப் படிக்கக்கூட வராது. எதுக்கு உன்னைப் படிக்க வச்சோம், எலி மாதிரி இழுப்பறையைத் திறந்து மூடுறதுக்கா?

நீ முடிவு பண்ணு. எது வந்தாலும் நான் வாங்கிக்கிறேன். உவே இருபத்தெட்டாம் தேதி வர்றார்.

உல்போசின்

*

நுகுஸ்
21 மே 1999

அன்புள்ள அக்கா,

நீ எழுதியது சரி. கோபப்பட்டுப் பார்த்தேன், கோபம் நிலைக்கவில்லை.

இந்த உறையில் இருப்பது தேதி உள்ள காகிதம். இன்னொன்றைக் கிழித்துவிட்டேன். மூன்றாவது பத்தியில் இப்படி இருக்கிறது, உவே கேட்டால் காட்டு: "இடது கீழ் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு மூல உப்புப் படலம் இல்லை. அழுக்கு என்று தவறாக எண்ணி, இந்த அறிக்கையை எழுதுபவரால் துடைக்கப்பட்டது." கடைசி வரியில், ஐம்பது வருடம் கடந்ததால் வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை என்று இருக்கிறது. அந்த வரியை எழுதும்போது ஐசானெமின் முகம்தான் கண்முன் இருந்தது. அதற்காகப் பேனா நிற்கவில்லை என்று உன்னிடம் பெருமையாகச் சொல்ல முடியாது. நின்றது. மறுநாள்தான் முடித்தேன்.

இயக்குநரிடம் நானே கொண்டுபோனேன். மூன்றாவது பத்தியில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீங்க எழுதித்தான் ஆகணுமா?" என்றார். "ஆமா" என்றேன். அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ரைசா செர்கேயெவ்னா வரும் வரை எந்தப் படத்திலும் நீர் வைக்கக் கூடாது என்று உத்தரவு. வேலை போகவில்லை.

அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் காகிதத்தைத் தின்னும். உப்பை எடுத்தால் படம் போகும், எடுக்காவிட்டால் தாள் போகும். காற்றுப் புகாத பெட்டியில் உலர்வாக வைத்தால் இரண்டும் இருக்கும். இங்கே அப்படிப் பெட்டி ஒன்று காலியாக இருக்கிறது. மியூசியமே வாங்கலாம் என்று இயக்குநர் சொல்கிறார். ஆனால் குழு கூடுவது அக்டோபரில், கிடைப்பது உவே சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. படம் உன்னுடையது. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புகிறேன்.

இனி எழுதுவதை நான் யாரையும் கேட்காமல் முடிவு செய்தேன். ஐசானெமை இங்கே அனுப்பு. என் அறை இரண்டாம் மாடியில் இருக்கிறது, ஜன்னல் தெற்குப் பக்கம். விடுதிக்காரி பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று முறை அவள் கதவு வரை போய்த் திரும்பினேன். நான்காவது முறை தட்டினேன். "சத்தம் போடுவாளா?" என்றாள். "மூச்சு விடும்போது மட்டும்" என்றேன். சிரித்துவிட்டாள். இங்கேயும் தூசி உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கடல் தரை இங்கே இல்லை. மருத்துவமனையில் நெஞ்சு டாக்டரிடம் ஜூன் ஏழு, திங்கட்கிழமைக்குப் பேர் கொடுத்திருக்கிறேன்.

நீ அக்தாவுக்குப் போ. உனக்கு மட்டும் என்றால் அங்கே ஏதாவது ஒரு சமையல்கூடத்தில் இடம் கிடைக்கும். அறை பிடித்ததும் அவளைக் கூட்டிப் போ. அக்டோபரோ, அதற்குப் பிறகோ.

அவளை விருந்தாளி இடத்தில் உட்கார வைக்க மாட்டேன்.

சார்பினாஸ்

*

மொய்நாக்
1 ஜூன் 1999

சார்பி,

உவே வந்தார். மொழிபெயர்க்கிற பொண்ணு உன் காகிதத்தை முழுசா வாசிச்சுக் காட்டினா. அந்த மூணாவது பத்தி வந்ததும் அவளை நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். பேரம் பேசல. நுகுஸுக்கு வந்து படத்தைப் பாக்கலாமான்னு மட்டும் கேட்டார். டீயைக் குடிச்சார் இந்தத் தடவ.

அறுநூறு போச்சு.  உன்னைத் திட்டி ரெண்டு பக்கம் எழுதி அடுப்புல போட்டேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, துடைச்சுக் குடுன்னு முதல் கடுதாசியிலேயே எழுதினவ நான்தான். அதை நீ எனக்கு ஒரு தடவகூடத் திருப்பிச் சொல்லல. உன் காகிதத்துலயும் எழுதல. எழுதியிருக்கலாம்.

படம் அங்கயே இருக்கட்டும். யார் வீட்டுதுன்னு கீழ பேர் போடுவாங்கன்னா அப்பா பேரைப் போடு.

பெர்திமுராத் வேலை பாக்குற இடத்துச் சமையல்கூடத்துல எனக்கு வேலை இருக்காம். பொம்பளைங்களுக்குத் தனி அறை. மீன் சுத்தம் பண்ணத் தெரியுமான்னு கேட்டாங்களாம். அவர் சிரிச்சாராம்.

ஐசானெமை வியாழக்கிழமை பஸ்ஸுல அனுப்புறேன். அதே ஏசன் அண்ணன், அதே சீட்டுக்குப் பின்னாடி. அதே போர்வை. இந்தத் தடவ போர்வையத் திருப்பி அனுப்ப வேண்டாம். நான் வந்து எடுத்துக்கிறேன். அப்போ எனக்கு அரைக் கோப்பை ஊத்து.

பாலு வேண்டாம்பா, டீயில கலந்து குடு, குடிப்பா. சோள ரொட்டின்னா ஓரத்தை மட்டும் தின்னுட்டு நடுவை ஒளிச்சு வைப்பா, தலையணைக்குக் கீழ பாரு. காத்து அடிச்சா ஜன்னல் இடுக்குல ஈரத்துணி அடைச்சு வை. மூச்சு இழுத்தா படுக்க வைக்காத, உக்கார வச்சு முதுகை நிமிர்த்திப் பிடிச்சுக்க. பயப்படாத, நீ பயந்தா அவளுக்குத் தெரிஞ்சிடும்.

பஸ்ஸை விட்டு எறங்கினதும் என்னைக் கேட்டு அழுவா. கர்ச்சீப்பை எடுத்துக்கிட்டு ஓடாத. துடைக்க வேண்டாம். தானாக் காயட்டும்.

உல்போசின்